தேன் பீர் ஏன் நினைத்ததைவிடக் கடுமையாகிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேன் ஊற்றினால் பீர் இனிக்கும் என்று நம்புவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன. தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. அதில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் என்பதால் ஈஸ்ட் கிட்டத்தட்ட மிச்சம் வைக்காமல் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். மால்ட் சாற்றில் (முளைகட்டி உலர்த்திய பார்லியின் இனிப்புச் சாறு) மட்டும் ஈஸ்ட்டால் செரிக்க முடியாத ஒரு பங்கு தங்கி நின்று பீருக்குக் கனமும் மெல்லிய இனிப்பும் தருகிறது. தேன் விட்டுச் செல்வது மணத்தை. இனிப்பு போதாதென்று இன்னும் கொஞ்சம் தேன் சேர்ப்பவர் உண்மையில் சேர்ப்பது ஆல்கஹாலை.

2012 செப்டம்பரில், ஒபாமா காலத்து வெள்ளை மாளிகை தன் தோட்டத்துத் தேனில் செய்த பீரின் செய்முறையை வெளியிட்டது. பிரௌன் ஏல் என்ற பழுப்பு நிற பீர் வகைக்கு அவர்கள் சேர்த்த தேன் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம்தான். இனிப்புக்கு கிரிஸ்டல் மால்ட் என்ற இனிப்பு தங்கும் மால்ட் வகையும், மால்ட் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்னாமல் விடும் வின்ட்சர் ஈஸ்ட்டும் இருந்தன. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. (வீட்டில் பீர் தயாரிக்க அமெரிக்க மத்திய அரசு 1978-இல் சட்டப்படி வழிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு அனுமதி இல்லை.)

இனி கணக்கு. தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்துக்கொள்வோம். 19 லிட்டர் மால்ட் சாற்றின் தொடக்க அடர்த்தி 1.045, நொதித்து முடிந்த இறுதி அடர்த்தி 1.011 என்றால் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்க வேண்டும். சுமார் 4.5 சதவீதம் ஆல்கஹால் என்று வரும். அதில் ஒரு கிலோ தேனைக் கரைத்தால் தொடக்கம் 1.060-ஐத் தொடும். தேன் முழுக்கப் புளித்துவிடுவதால் முடிவு அதே 1.011 அல்லது அதற்கும் கீழே. விளைவு 6.4 சதவீதம்!

இந்த உயர்வை, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் காட்டாமலே போவதும் உண்டு. என் மூன்றாவது முயற்சியில் தேனைச் சரியாகக் கலக்காமல் மேலிருந்து மாதிரி எடுத்தேன். கனமான தேன் அடியில் கிடந்தது, கருவி 1.048 என்றது, நானும் நம்பிவிட்டேன். சூடான சாற்றை அளப்பதும் இதே போன்ற பிழைதான். 20 டிகிரிக்கு அளவிடப்பட்ட கருவியை 40 டிகிரி சாற்றில் விட்டால் ஏறத்தாழ 0.006 குறைவாகக் காட்டும். நொதிக்கும்போது நடுவில் தேன் சேர்ப்பவர்கள் முதல் நாள் அளவையே வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அந்தத் தேனைத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கொதிக்கும்போது ஆவியாகும் தண்ணீரையும் மறக்கிறோம். 19 லிட்டர் 17 லிட்டராகச் சுண்டினால் 1.045 தானாகவே 1.050 ஆகிவிடும். ஈஸ்ட் போடுவதற்கு முன் கொதித்து ஆறிய நீரால் ஈடுகட்டுங்கள்.

சூடாக்காத பச்சைத் தேனை ஆறிய சாற்றில் சேர்ப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள டயஸ்டேஸ் நொதி, ஈஸ்ட் தொடாத மால்ட் சர்க்கரையையும் மெல்ல உடைத்துக் கொடுக்கலாம். பீர் அடங்கிவிட்டதென நினைத்துப் பாட்டிலில் அடைத்த பின்னும் அது நொதித்துக்கொண்டே இருந்தால், அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும். குமிழி நின்றதை நம்பாதீர்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே அடர்த்தி வந்த பிறகே அடையுங்கள்.

கடுமையாகிவிட்ட பீரில் தண்ணீர் கலந்தால் ஆக்சிஜன் புகுந்து சுவை கெடும். சில வாரம் முதிரவிடுங்கள், காரம் தணியும். ஆனால் ஆல்கஹால் குறையாது. அதனால் பாட்டிலின் மேல் உண்மையான சதவீதத்தை எழுதி ஒட்டியே நண்பர்களுக்குக் கொடுங்கள். 6.4 சதவீதத்தில் மூன்று பாட்டில் குடிப்பவர், 4.5 சதவீதத்தில் நான்கு குடிப்பவரைவிட அதிக ஆல்கஹாலை உள்ளே இறக்குகிறார்.