மறதி நோயுள்ளவரின் காபியைக் குறைப்பது எப்படி: எங்கள் வீட்டில் இரவுத் தூக்கம் திரும்பிய வழி

அத்தைக்கு வயது 78. மறதி நோய் என்று தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற கோடையில் தினமும் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து, "சேரன்மகாதேவிக்குக் கடைசி பஸ் போய்விடும்" என்று வாசல் தாழ்ப்பாளை இழுப்பார். அது அவர் பிறந்த ஊர். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவே உறங்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரியும். நோய்தான் காரணம் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் காபியின் பக்கம் திரும்பினேன். செய்தவற்றைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: மருத்துவரிடம் காட்டுங்கள்

தூக்கம் திடீரென்று கெட்டிருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டு வலி, குறட்டையோடு மூச்சுத் திணறல் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோங்கள். மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் மாத்திரையை இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும். அத்தைக்கு அதைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார் மருத்துவர். நீங்களாக மாற்றாதீர்கள்.

இரண்டாவது: மூன்று நாள் எண்ணுங்கள்

பள்ளிக்கூட நோட்டு ஒன்றை அடுப்படி ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டு, பென்சிலையும் நூலில் கட்டுங்கள். யார் காபி கொடுத்தாலும் நேரத்தை எழுத வேண்டும். இதற்குக் கைப்பேசிச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் உள்ள அத்தனை பேர் கைக்கும் எட்டுவது அந்த நோட்டுதான்.

நாளுக்கு மூன்று டம்ளர் என்றுதான் நினைத்திருந்தேன். நோட்டில் ஏழு இருந்தது. விடியற்காலையில் என் கணவர், ஏழு மணிக்கு நான், பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டு மதினி, மூன்றரைக்கு மீண்டும் நான், ஐந்துக்கு மகள், ஆறரைக்குக் கணவர். ஏழாவது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின். குடித்தது அத்தைக்கு நினைவில் இருக்காது. "இன்றைக்கு யாரும் காபி தரவில்லையே" என்று அவர் சொல்லும்போது யாருக்குத்தான் மனம் தாங்கும்? ஒவ்வொருவரும் பாசத்தோடுதான் கொடுத்தோம். மற்றவர் கொடுத்தது யாருக்கும் தெரியவில்லை.

நேரத்தை ஏன் எழுத வேண்டும் என்றால், பகல் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, இரவில் நமக்குக் கண் சொருக வைக்கிறது. காபியில் உள்ள காஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்து அந்தச் செய்தியை மறித்துவிடும். குடித்ததில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும், கால் பங்கு விடியற்காலை மூன்று மணிக்கும் உள்ளேயே இருக்கும். போதாததற்குச் சிறுநீரையும் கூட்டுவதால் கழிவறைக்கென்று எழுந்தவர் பிறகு படுப்பதில்லை.

மூன்றாவது: ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்

நான் தவறியது இங்கேதான். நோட்டைப் பார்த்த மறுநாளே, காலையில் ஒரு டம்ளர் மட்டும் என்று சட்டம் போட்டேன். இரண்டாம் நாள் அத்தை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். மகளின் கையைத் தட்டிவிட்டார். ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நெடுநேரம் நின்றார். நோய் முற்றிவிட்டது என்று பயந்து அழுதேன். அது தலைவலி. சொல்லத் தெரியாததால் கம்பியில் வைத்து அழுத்தியிருக்கிறார்.

காபி பழகிய உடலில் அதை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கலாம். முதல் இரண்டு நாள் கடுமையாக இருக்கும், ஒன்பது நாள் வரைகூட நீடிக்கலாம். எரிச்சலும் சோர்வும் கூடவே வரும். நமக்கென்றால் வாய்விட்டுச் சொல்வோம். இவர்கள் நெற்றியைப் பிடிப்பதையும் முகம் சுளிப்பதையும் நாம்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நான்கு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்தேன். இரவுக் காபியை முதலில் எடுத்தேன், பிறகு ஆறரை மணி, பிறகு ஐந்து மணி. இப்போது காலையில் இரண்டு டம்ளர், பகல் பன்னிரண்டுக்கு மேல் இல்லை.

நான்காவது: டம்ளரை எடுத்துவிடாதீர்கள்

அத்தைக்கு வேண்டியது காஃபீன் அல்ல. சூடான டம்ளரும், டபராவில் ஆற்றும் சத்தமும், பக்கத்தில் ஓர் ஆளும்தான். மாலையில் அதே டம்ளரில் சுக்கு மல்லிக் காபி கொடுக்கிறேன். நான்கு பங்கு கொத்தமல்லி விதைக்கு ஒரு பங்கு சுக்கு, வறுத்துப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, உடன்குடிக் கருப்பட்டி சிறு துண்டு, ஐந்து நிமிடக் கொதி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் சுக்குக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

காலைக் காபிக்குச் சிக்கரி கூடுதலான தூளைத்தான் வாங்குகிறேன். சிக்கரியில் காஃபீன் இல்லை, நிறமும் கசப்பும் குறையாது. காஃபீன் நீக்கிய தூளும் விற்கிறார்கள். அதில் மணம் குறைவு என்பது என் அபிப்பிராயம், சிறிதளவு காஃபீனும் இருக்கும். டம்ளரைச் சிறியதாக்குங்கள், ஆனால் பழகிய எவர்சில்வரையே வையுங்கள். பீங்கான் கோப்பையை அத்தை தொடவில்லை.

ஏமாற்றுகிறோமோ என்று எனக்கு உறுத்தியது. அதனால் கொடுக்கும்போதே "சுக்கு போட்டிருக்கிறேன் அத்தை" என்று சொல்லிவிடுவேன். "தொண்டைக்கு நல்லது" என்று குடிப்பார்.

ஐந்தாவது: காலை வெயில்

மறதி நோய் மூளையின் நேரக் கடிகாரத்தையே பழுதாக்குகிறது. அதைத் திருத்த வெளிச்சம் உதவும். காலை ஏழரையிலிருந்து எட்டு மணி வரை திண்ணையில் உட்கார வைக்கிறேன். நெல்லைச் சீமை வெயிலில் அதற்கு மேல் வேண்டாம். பகல் தூக்கம் அரை மணி, மூன்று மணிக்கு முன். தண்ணீரைக் குறைக்கக் கூடாது, பெரும்பகுதியைப் பகலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

ஒரு மாதத்தில் பெரும்பாலான இரவுகளில் நான்கு மணி வரை உறங்கத் தொடங்கினார். இப்போதும் வாரத்தில் ஓரிரவு சேரன்மகாதேவி பஸ் வரும். எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். இந்த வயதில் அது குழப்பத்தையும் கீழே விழும் ஆபத்தையும் கூட்டும்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்த ஒருவர், "அப்பா காபியே குடிப்பதில்லை, தேநீர்தான்" என்று எழுதியிருந்தார். தேயிலையிலும் காஃபீன் உண்டு, அதையும் நோட்டில் எழுதுங்கள். தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் சேர்த்திருக்கிறார்கள், அட்டையைப் படியுங்கள். கருப்பட்டிக் காபி பரவாயில்லையா என்று கேட்டவருக்கு: கருப்பட்டியில் காஃபீன் இல்லை, அதில் போடும் காபித்தூளில் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் கணக்கில் வரும்.

இன்னொருவரின் தந்தை தானாகவே தேநீர்க் கடைக்கு நடந்துவிடுகிறாராம். கடைக்காரரிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். மாலையில் வெறும் பால் கொடுக்கச் சொல்லிப் பணத்தை நீங்கள் மாதக் கணக்கில் கொடுத்துவிடலாம்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிற உறவினர்கள் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். இந்த முறை ஒரே மாலையில் மூன்று பேர் அத்தைக்குக் காபி கொடுத்துவிட்டார்கள். அன்றிரவு நானும் கணவரும் மாறி மாறி விழித்திருந்தோம். விருந்தினர் வரும் நாளில் இப்போது அத்தையின் சுக்கு மல்லிக் காபியைப் பிளாஸ்கில் ஊற்றி, "ஆச்சிக்கு இதிலிருந்து மட்டும்" என்று மகள் கையால் எழுதி ஒட்டி, அடுப்பு மேடையில் முன்னாலேயே வைத்துவிடுகிறேன்.