பேட்டைத் திரையரங்கில் உள்ளூர்க் கலைஞருக்குப் பாராட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கள் பகுதியோடு தொடர்புடைய ஒரு நடிகரையோ பாடகரையோ அருகிலுள்ள திரையரங்கில் பாராட்ட முனையும் குடியிருப்போர் நலச்சங்கங்களும் திரைப்படச் சங்கங்களும் பெரும்பாலும் முதலில் சறுக்குவது அழைப்பிதழில்தான். சென்னையில் யாரை வேண்டுமானாலும் "மண்ணின் மைந்தர்" என்று அச்சிட்டுவிடுகிறோம். சந்திரபாபு பிறந்தது தூத்துக்குடியில், நாகேஷ் தாராபுரத்துக்காரர், மனோரமா மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்தவர். மூவரையும் சென்னை தன்னவர்களாகவே கருதுகிறது, அதில் பிழையில்லை. ஆனால் பிறந்தவர், குடியேறியவர், இங்கே தொழில் கற்றவர் என்ற வேறுபாட்டை மறைத்தால் கலைஞரின் வாழ்க்கையில் பாதி காணாமல் போகிறது. விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்கு 2022இல் சின்னக் கலைவாணர் விவேக்கின் பெயர் சூட்டப்பட்டதற்குக் காரணம் அவர் அங்கே வாழ்ந்தார் என்பதே. அதுபோல, எந்தத் தெரு, எந்த ஆண்டுகள், எந்த நாடகக் குழு அல்லது படப்பிடிப்புத் தளம் என்று கலைஞரிடமே கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுவது நல்லது.

அடுத்த தவறு, திரையில் முகம் தெரிந்தவர்களை மட்டுமே தேர்ந்தெடுப்பது. வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பகுதிகளில் பின்னணிக் குரல் கொடுப்பவர்களும், சண்டைக் கலைஞர்களும், குழு நடனக் கலைஞர்களும், கோரஸ் பாடகர்களும் தலைமுறைகளாக வாழ்ந்துவருகிறார்கள். வடசென்னையின் கானா பாடகர் இசைவாணி 2020ஆம் ஆண்டின் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இப்படி வெளியுலகம் சொன்ன பிறகுதான் நம் தெருவில் இருப்பவரை மேடையேற்றுவோம் என்று காத்திருப்பதைவிட, அவர்களின் கலையை நேரில் கண்டும் கேட்டும் வந்த அக்கம்பக்கத்தாரை விசாரித்து நாமே பட்டியல் தயாரிப்பது மேல்.

அதிகம் கெடுவது திரையிடலில். குணச்சித்திர நடிகருக்கான விழாவில், அவர் இரண்டு நிமிடம் வந்துபோகும் உச்ச நட்சத்திரத்தின் வெற்றிப்படத்தைப் போடுவது கூட்டத்தைச் சேர்க்கலாம். ஆனால் அன்று கைதட்டல் வாங்குபவர் வேறொருவராகிவிடுவார். எந்தப் படம், எந்தக் காட்சி என்பதை அவரே சொல்லட்டும். பின்னணிக் குரல் கலைஞராக இருந்தால், அவர் பேசிய காட்சியை ஒருமுறை ஒலியின்றியும் மறுமுறை ஒலியோடும் ஓடவிட்டால் போதும். பாராட்டுரை எதுவும் அந்த வேலையைச் செய்யாது.

யூடியூபில் கிடைக்கிறது என்பது திரையிடும் அனுமதி ஆகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆகவே 1964இல் வந்த படத்தின் உரிமை 2024 இறுதியில்தான் முடிந்தது. பாடல் வரிகளுக்கும் இசைக்கும் அவற்றை இயற்றியவரின் ஆயுளோடு சேர்த்துக் கணக்கிடுவதால், படத்தின் காலம் முடிந்தது என்பதற்காகப் பாடல்களும் பொதுவாகிவிட்டதாக எண்ணக் கூடாது. பழைய படங்களின் நெகட்டிவ் உரிமை (மூலப் படச்சுருளின் மீதான உரிமை) பலமுறை கைமாறியிருக்கும் என்பதால் இந்த விசாரணையை முதலிலேயே தொடங்க வேண்டும். தவிர, பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்கு 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்று தேவை. சங்க இளைஞர்கள் தாமே தொகுத்த வாழ்த்துப் படத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துத் திரையரங்க மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கறுப்பு வெள்ளைக் காலத்துப் படத்தின் சட்டகம் ஏறக்குறைய சதுரமானது; அதை இன்றைய அகலத் திரை முழுவதற்கும் இழுத்துக் காட்டினால் முகங்கள் பருத்துவிடும். ஆபரேட்டரிடம் சொல்லி, இருபுறமும் கறுப்பு விட்டு ஓட்டச் செய்யலாம். முதல்நாள் இரவுக் காட்சி முடிந்ததும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

பெயரில் அக்கறை காட்டுகிறோம் என்று அடைமொழியை வெட்டிவிடுவதும் உண்டு. தேங்காய் சீனிவாசன், மேஜர் சுந்தர்ராஜன் ஆகியோருக்கு அந்த அடைமொழி நாடக மேடை தந்தது. அதை நீக்கிவிட்டால் பேனரைப் பார்ப்பவருக்கு யாரென்றே விளங்காது.

மேடையைப் பற்றிச் சொல்வதென்றால், திரைக்கு முன்னால் இருக்கும் அந்தக் குறுகிய இடத்தில் இருபது நாற்காலி போடுவதே தவறு. வட்டச் செயலாளர் முதல் விளம்பரதாரர் வரை ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி முடித்த பிறகு, விழா நாயகருக்கு மைக் கிடைக்கும்போது அரங்கு பாதி காலியாகியிருக்கும். (பொன்னாடைகளை அவர் வீட்டில் என்னதான் செய்வார் என்று எவரும் கேட்பதில்லை.) கலைஞர் முதலில் பேச வேண்டும், பிறகு படம், அதன்பின் மற்றவர்கள். எண்பதைத் தொட்டவர்களுக்குப் பழைய திரையரங்கின் படிகள் பெரும்பாடு. கைப்பிடி உள்ள வாசல் எது, கழிப்பறை எந்தத் தளத்தில் என்று பார்த்துவைத்து, ஏ.சி. குளிரைக் குறைக்கச் சொல்லி, வீட்டிலிருந்து அழைத்துவரவும் கொண்டுவிடவும் ஒருவரையே பொறுப்பாக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கசப்பாகத் தோன்றுவது, பொற்கிழி வழங்கும்போது அவருடைய வறுமையை ஒலிபெருக்கியில் விவரிப்பது. மருத்துவச் செலவு, வாடகைப் பாக்கி, கைவிட்ட பிள்ளைகள் என்று சொல்லச் சொல்ல நன்கொடை கூடலாம். ஆனால் மறுநாள் அதே தெருவில் பால் வாங்கப் போக வேண்டியவர் அவர். தொகையை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டு, மேடையில் அவருடைய தொழிலை மட்டும் பேசினால் போதும்.

மறைந்தவரைக் கொண்டாடும்போது, குடும்பத்தாரில் ஒருவரை மட்டும் அழைத்து மற்றவர்களை வருத்துவது எளிதில் நேரும். அழைப்பிதழ் அச்சேறுவதற்கு முன் எல்லோரிடமும் பேசிவிட வேண்டும். விழாவைப் படம் பிடித்திருந்தால், வெட்டாத முழுப் பதிவின் ஒரு நகலை ஒரு வாரத்துக்குள் கலைஞரின் வீட்டில் நேரில் கொடுத்து, அது ஓடுகிறதா என்று அங்கேயே போட்டுக் காட்டிவிட்டு வரலாம்.