வாடகைக்கு விட பழைய ஃபிளாட் வாங்குகிறீர்களா? முதலில் கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்கள்

சென்னையில் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய ஃபிளாட்டை வாங்கி, பழுது பார்த்து, வாடகைக்கு விட நினைக்கும் புதியவர்களுக்காக இது.

1. கணக்கு

விலை 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அது 4.5 லட்சம். பழுது வேலைக்கு 4 லட்சம். ஆக 58.5 லட்சம். மாதம் 18,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 2.16 லட்சம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, சொத்து வரி, சில்லறை ரிப்பேர் என்று 36,000 கழித்தால் மிஞ்சுவது 1.8 லட்சம், அதாவது போட்ட பணத்தில் சுமார் 3 சதவீதம். வங்கி டெபாசிட்டே இதைவிடக் கூடுதலாகத் தரும். அதனால் வாடகையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கட்டடம் வருடா வருடம் தேயும். விலை ஏறுவது உங்கள் பங்கு நிலத்துக்குத்தான்.

2. பத்திரம்

அந்தப் பங்குக்குப் பெயர் பிரிபடாத பாகம். புரோக்கர்கள் யுடிஎஸ் என்பார்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஒரே அளவில் நான்கு வீடு என்றால் வீட்டுக்கு 600 வர வேண்டும். பத்திரத்தில் 400தான் இருந்தால் மீதி எங்கே என்று கேளுங்கள். மொட்டை மாடியில் பின்னால் எழுப்பிய வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த மேல்மாடி வீடே விலைக்கு வந்தால், அனுமதி வரைபடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்குப் போடுங்கள். பதிவாகாத ஒப்பந்தமும் வாரிசுகளின் உரிமைக் கோரிக்கையும் அதில் தெரியாது. எனவே மூலப்பத்திரங்களையும் வாரிசுச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விதி வேறு, பிடித்தமும் மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. வீட்டைப் பார்ப்பது

மழை முடிந்த கையோடு போங்கள். புதுப் பெயின்ட் அடித்த வீடு என்றால் சந்தேகப்படுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் கேட்டு, உங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங்கைப் பாருங்கள். உப்பு பூத்திருந்தாலோ, கம்பி துருவேறி காரை உப்பியிருந்தாலோ, பாத்ரூமை அடியோடு உடைத்துச் செய்யும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

4. வேலை வரிசை

உடைப்பு, குழாய், வயரிங், வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், கடைசியில் பெயின்ட். இந்த வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

பாத்ரூமில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்று மேஸ்திரி சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். தரைக்கடியில் நிரப்பிய செங்கல் உடைசலில் வருடக்கணக்காகத் தண்ணீர் ஊறியிருக்கும். அதுதான் கீழே கசிகிறது. உடைசலை முழுக்க அள்ளுங்கள். துருப்பிடித்த ஜிஐ (இரும்பு) பைப்பை எடுத்துவிட்டு சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் போடுங்கள். தரையில் இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங் அடித்து, சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றுங்கள்; ஷவர் பக்கம் ஆறடி. தரையில் தண்ணீர் இறங்கும் கழிவுநீர் ட்ராப்பைச் சுற்றிய இணைப்பில்தான் பெரும்பாலும் ஒழுகும். வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கி, கீழ்வீட்டில் பார்த்த பிறகே டைல்ஸ். டைல்ஸில் தண்ணீர் வடிகாலுக்கு ஓட, வாட்டம் ஐந்தடிக்கு முக்கால் அங்குலம்.

கீசருக்கும் ஏசிக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. வயர், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. இத்தாலியன் மார்பிளும் ஃபால்ஸ் சீலிங்கும் வாடகை வீட்டுக்கு வீண். ஓதம் காயாத சுவரில் பட்டி பார்த்தால் அடுத்த மழையில் பொரிந்துவிடும்.

5. வாடகைக்கு விடுவது

பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி அலமாரியில் வைத்தால் போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் கேட்டு வீட்டைக் காலியாகப் போட்டு வைப்பதைவிட இது லாபம்.

சாவி கொடுக்கும் அன்றே இபி மீட்டர் ரீடிங்கைப் படமெடுங்கள். ஃபேன், கீசர், குழாய், சாவி எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.