சொந்த வண்டியில பக்கத்து நாட்டுக்கு போறீங்களா? கிளம்பறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கோங்க

பார்டர் தாண்டி வண்டி ஓட்டணும்னா முதல்ல பாக்க வேண்டியது மேப் இல்லைங்க, உங்க நாடும் போற நாடும் எந்தெந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்குன்னு பாருங்க. அது தெரிஞ்சா எந்த பேப்பர் வேணும்னு பாதி வேலை முடிஞ்சிடும். யாரோ சொன்னாங்கன்னு கிளம்பிப் போய் பார்டர்ல மாட்டிக்கிட்டு நிக்காதீங்க, ரொம்ப கஷ்டம்.

லைசென்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. ரோட்டு போக்குவரத்துக்கு 1949 ஜெனீவா ஒப்பந்தம், 1968 வியன்னா ஒப்பந்தம்னு ரெண்டு இருக்கு, இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் பெரும்பாலும் இதுல ஏதோ ஒண்ண வச்சுத்தான் குடுப்பாங்க, எதுன்னு பர்மிட்டோட அட்டையிலயே வருஷம் போட்டிருக்கும். 1949 பர்மிட் ஒரு வருஷம் செல்லும், 1968 பர்மிட் அதிகபட்சம் மூணு வருஷம். போற நாடு எத ஏத்துக்குதுன்னு கட்டாயம் பாருங்க, ஜப்பான்ல எல்லாம் 1949 பர்மிட் மட்டும்தான் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்கணும், அது இல்லாம பர்மிட் வெறும் பேப்பர்தான்.

அடுத்து கஸ்டம்ஸ். பல நாட்டுல வண்டிக்கு கார்னே கேப்பாங்க, வண்டியோட பாஸ்போர்ட்னு வச்சுக்கோங்க, ஆட்டோமொபைல் கிளப்ல டெபாசிட்டோ கேரண்டியோ குடுத்து வாங்கணும். உள்ள போகும்போது ஒரு சீல், வெளிய வரும்போது ஒரு சீல். அந்த வெளிய வர்ற சீல மட்டும் விட்டுடாதீங்க, ராத்திரி நேரம், லைன் நீளம், தூக்கம் வருதுன்னு அப்படியே வந்துட்டீங்கன்னா வண்டி அங்கயே இருக்குன்னுதான் அவங்க கணக்கு, மொத்த இறக்குமதி வரியையும் கேப்பாங்க.

இன்சூரன்ஸ் பெரும்பாலும் பார்டரோட நின்னுடும். ஐரோப்பா பக்கம்னா கிரீன் கார்டுன்னு வெளிநாட்டுலயும் செல்ற வண்டி இன்சூரன்ஸ் சான்று இருக்கு (பேருதான் பச்சை, 2020ல இருந்து வெள்ளை பேப்பர்லயே பிரிண்ட் எடுத்துக்கலாம்), அதுல எந்த நாட்டோட குறியெழுத்த கோடு போட்டு அடிச்சிருக்கோ அங்க செல்லாது. கிரீன் கார்டு இல்லாத இடத்துல பார்டர்லயே பாலிசி எடுக்க முடியுமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

இப்ப சொல்றதத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க, ஹெட்லைட். வண்டிக்கு முன்னாடி குனிஞ்சு ஹெட்லைட் கண்ணாடிய உத்து பாருங்க, சின்னதா ஒரு வட்டத்துக்குள்ள ஈ-ங்கிற இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கலாம். 1ன்னா ஜெர்மனி, 43ன்னா ஜப்பான், அந்த நாடு டெஸ்ட் பண்ணி அனுமதி குடுத்திருக்குன்னு அர்த்தம். 1958ல போட்ட ஒப்பந்தம் இது, ஒரு நாடு பாஸ் பண்ணின பார்ட்ட அந்த விதிய ஏத்துக்கிட்ட மத்த நாடும் திரும்ப டெஸ்ட் பண்ணாம ஏத்துக்கணும், எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. அது பக்கத்துல அம்புக்குறி இருக்கான்னும் பாருங்க. எதிர்ல நின்னு பாக்கும்போது அம்பு உங்க வலது பக்கம் காட்டினா இடது பக்கம் ஓட்டற நாட்டுக்கான லைட், அம்பே இல்லைன்னா வலது பக்கம் ஓட்டற நாட்டுக்கு, ரெண்டு முனையிலயும் அம்பு இருந்தா ரெண்டுக்கும் மாத்திக்கலாம். ஏன் இவ்வளவு சொல்றேன்னா லோ பீம் ரோட்டு ஓரமா கொஞ்சம் மேல தூக்கி அடிக்கும், பக்கம் மாறின நாட்டுல அது நேரா எதிர்ல வர்றவங்க கண்ணுல போய் விழும். தாய்லாந்துல இடது, பாலம் தாண்டி லாவோஸ் போனா வலது. சுவீடன் கூட சுத்தி இருக்கிற நாடெல்லாம் வலதுன்னுதான் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஒரே நாள்ல மாறுச்சு. பக்கம் மாறுதுன்னா லைட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்க, புது எல்இடி லைட்டுல மெனுவுலயே மாத்தற மாதிரி இருக்கலாம், மேனுவல்ல பாத்துக்கோங்க.

உங்க நாட்டோட குறியெழுத்து போட்ட ஓவல் ஸ்டிக்கர பின்னாடி ஒட்டிடுங்க. திரும்பி வந்ததும் கார்னேல எல்லா சீலும் இருக்கான்னு ஒவ்வொரு பக்கமா புரட்டி பாத்துட்டு கிளப்ல திருப்பி குடுங்க, அத குடுத்தாத்தான் டெபாசிட் கைக்கு வரும்.