ரோட்டரியில் சுற்றிச் செதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டைப் பலகையில் அருமையாக வேலை செய்பவர்கள்கூட, கணினி ஓட்டும் செதுக்கு இயந்திரமான சிஎன்சி ரவுட்டரில், கட்டையைப் பிடித்துச் சுழற்றும் ரோட்டரியைப் பொருத்தியதும் தடுமாறிப்போகிறார்கள். புதியவர்கள் கொண்டுவந்து காட்டும் உடைந்த பிட்டுகளையும் (வெட்டும் முனைகள்), ஒன்றோடொன்று சேராத மேசைக்கால்களையும் பார்த்தால், இந்த வேலையில் பழைய ஆட்களான நாங்கள் செய்த அதே தப்புகள்தான். கட்டையைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’கை இறுக்க மறப்பது, மழுங்கிய பிட்டைப் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டாலே அவை மறக்காது. ரோட்டரி எக்ஸ் திசையில் படுத்திருக்கிறது, ஒய் அதற்குக் குறுக்கே, இசட் மேலும் கீழும், ரோட்டரி சுழல்வது ஏ அச்சு என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

இசட் பூஜ்யத்தைக் கட்டையின் மேற்பரப்பில் எடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். பலகையில் வேலை செய்யும்போது மேல்முகத்தைத் தொட்டுப் பூஜ்யம், அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் இடம், வைப்பது பழக்கமாகிவிடுகிறது. அதே கை இங்கேயும் கட்டையின் மேலே பிட்டைத் தொட வைக்கிறது. ஆனால் சுழலும் கட்டையில் நம்பத்தக்க இடம் ஒன்றே ஒன்றுதான்: சுழலும் மையக்கோடு. மேற்பரப்பு கட்டைக்குக் கட்டை மாறும்; ஒரே கட்டையிலேயே பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

தெரிந்த தம்பி ஒருவர் ஒரு மேசைக்கு நான்கு கால்கள் செதுக்கினார். சதுரக் கட்டையை முதலில் 80 மிமீ விட்டத்துக்கு உருட்டி (உருளையாக வெட்டி), பிறகு பிட்டை மாற்றி வேலைப்பாட்டைச் செதுக்குவது திட்டம். உருட்டுவதற்குச் சதுரத்தின் தட்டை முகத்தைத் தொட்டுப் பூஜ்யம் எடுத்தார். நான்கு கட்டைகளும் துல்லியமாக ஒரே அளவில் இல்லை. அதனால் ஒன்று 82 ஆக உருண்டது, இன்னொன்று 79 ஆக வந்தது. அந்தந்தப் பரப்பையே தொட்டு அடுத்த பிட்டுக்கும் பூஜ்யம் வைத்தபோது, வேலைப்பாடு முழுவதும் அந்தப் பிழையோடு ஏறியும் இறங்கியும் உட்கார்ந்தது. கழுத்துப் பகுதி ஒரு காலில் பருமன், ஒரு காலில் ஒல்லி. நல்ல மரம், நீண்ட நேர வேலை, நான்கில் எதுவும் மற்றதோடு சேரவில்லை.

அதோடு முடியவில்லை. கடைசிக் காலில், கரடாகச் செதுக்கிய பிறகு முனை உருண்டையான மெல்லிய பால்நோஸ் பிட்டைப் போட்டார். அதற்குள் பழைய மேற்பரப்பே மிச்சமில்லை. கண்ணில் பட்ட ஒரு பள்ளத்தைத் தொட்டுப் பூஜ்யம் வைத்தார். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவும் கூடுதலாக பிட் இறங்கி, முதல் ஓட்டத்திலேயே ஒடிந்தது.

இதற்கு வழி எளிது. விட்டம் தெரிந்த ஒரு நேரான உருளைக் கம்பியைச் சக்கில் பிடியுங்கள். 12 மிமீ கம்பி என்றால், பிட் அதன் உச்சியைத் தொடும்போது இசட் 6. அவ்வளவுதான், பூஜ்யம் மையத்துக்கு வந்துவிட்டது. அதே கம்பியின் இரு பக்கங்களையும் தொட்டு நடுவை எடுத்தால் ஒய் மையமும் கிடைக்கும்.

அப்புறம் சரிபாருங்கள். ஒரு வீண் கட்டையில் இசட் 20 வைத்து ஒரு தட்டை முகம் வெட்டுங்கள். 180 டிகிரி திருப்பி இன்னொன்று. கேலிப்பரில் தடிமன் 40 வர வேண்டும். 40.6 வந்தால் உங்கள் பூஜ்யம் மையத்துக்கு 0.3 மேலே இருக்கிறது. ஒய்க்கு, முனையில் பாதி ஆழம்வரை ஒரு மெல்லிய காடி வெட்டி, திருப்பி எதிர்ப்பக்கமிருந்தும் வெட்டுங்கள். இரண்டும் நேராகச் சந்திக்காமல் படி விழுந்தால், அந்தப் படியில் பாதிதான் ஒய் பிழை. இது இருக்கும்வரை வி-பிட்டில் வெட்டும் எழுத்துகள் ஒரு பக்கம் சாய்ந்தே வரும்.

ஒரு எச்சரிக்கை. வெட்டுப்பாதை போடும் மென்பொருளிலும் பூஜ்யம் உருளையின் மையம் என்றே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அங்கே மேற்பரப்பு என்றும் இயந்திரத்தில் மையம் என்றும் இருந்தால், 3 மிமீ ஆழ வெட்டுக்கு பிட் மையத்தையும் தாண்டி 3 மிமீ கீழே போகப் பார்க்கும். ஓட்டும் முன், இயந்திரம் படிக்கும் கட்டளைக் கோப்பான ஜி-கோடைத் திறந்து இசட் எண்களைப் பாருங்கள். மையப் பூஜ்யத்தில் 80 மிமீ உருளைக்கு வெட்டு எண்கள் 40-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மைனஸ் எண் தென்பட்டாலே நிறுத்திவிடுங்கள்.

பாதுகாப்பு உயரத்தில் மூலையை மறப்பது

80 மிமீ சதுரக் கட்டையின் முகம் மையத்திலிருந்து 40 மிமீ. மூலை 56.6 மிமீ. பாதுகாப்பு உயரம் (வெட்டாமல் நகரும்போது பிட் தூக்கி நிற்கும் உயரம்) 45 என்று வைத்தால், கட்டை திரும்பும்போது மூலை வந்து பிட்டை அடிக்கும். 65 வையுங்கள்.

வேகத்தைப் பலகைக் கணக்கில் போடுவது

ஏ மட்டும் சுழலும்போது எஃப்1000 என்ற வேகக் கட்டளை பொதுவாக நிமிடத்துக்கு 1000 டிகிரி, மில்லிமீட்டர் அல்ல. 60 மிமீ விட்டத்தில் ஒரு டிகிரி 0.52 மிமீ, 20 மிமீ விட்டத்தில் வெறும் 0.17. அதே எண் தடித்த இடத்தில் நிமிடத்துக்கு 520 மிமீ ஓடும். ஒல்லியான இடத்தில் 175-க்கு விழுந்து, வெட்டாமல் உரசி மரத்தைக் கருக்கும்.

எக்ஸும் ஏயும் சேர்ந்து நகரும்போது நிலைமை இன்னும் மோசம். லினக்ஸ்சிஎன்சி போன்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் அப்போது நேர்கோட்டு நகர்வுக்கு மட்டுமே வேகக் கணக்கு. எக்ஸ் 1 மிமீ, ஏ 90 டிகிரி என்றொரு வரி வந்தால் ரோட்டரி தன் உச்ச வேகத்தில் பாயும். ஜி93, அதாவது ஒவ்வொரு நகர்வும் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்று சொல்லும் முறை, இதைத் தீர்க்கிறது. வெட்டுப்பாதையை ஜி-கோடாக மாற்றும்போது அதை எழுதித் தரும் போஸ்ட் பிராசஸரைத் தேடி எடுங்கள். மாக்3 என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் வைத்திருப்பவர்கள் சுழற்சி விட்டத்தை நிரப்பாமல் ஓட்ட வேண்டாம்.

ஒய் மோட்டார் ஒயரை ரோட்டரிக்கு மாற்றி ஓட்டுபவர்களுக்கு

இதில் ஒய் நகர்வுதான் கட்டையைச் சுழற்றுகிறது. அதனால் ஒரு மிமீக்கு எத்தனை ஸ்டெப் (மோட்டாரின் ஒரு சிறு அடி) என்பதை ஒவ்வொரு விட்டத்துக்கும் மாற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 19,200 ஸ்டெப், வரைபட அகலம் 188.5 மிமீ (60 மிமீ விட்டத்தின் சுற்றளவு) என்றால் ஒரு மிமீக்கு 101.86. வகுக்க வேண்டியது வரைபடத்தின் அகலத்தால். கட்டையை அளந்து 62 மிமீ விட்டம், சுற்றளவு 194.8 என்று போட்டால், வடிவம் சேரும் இடத்தில் 6.3 மிமீ இடைவெளி விழும்.

ஒயரைக் கழற்றியபின் ஒய் அச்சைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கிளாம்ப் போடுங்கள், இல்லையென்றால் பாடுபட்டு எடுத்த மையம் அதிர்விலேயே நகர்ந்துவிடும்.

மின்சாரம் இருக்கும்போது ஒயரைப் பிடுங்குவது

மோட்டாரை ஓட்டும் மின்சுற்றான டிரைவர் போய்விடும்.

டெயில்ஸ்டாக்கை அளவுக்கு மீறி இறுக்குவது

டெயில்ஸ்டாக் என்பது கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி. அதை மீறி இறுக்கினால் நீளமான ஒல்லிக் கட்டை நடுவில் வளையும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் வெட்டு விழுந்தால் முதலில் இதைத் தளர்த்திப் பாருங்கள்.

திசையைச் சோதிக்காமல் ஓட்டுவது

ஒரு 'க' எழுதிப் பாருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்தால் ஏ திசையை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் ஏ பூஜ்யத்துக்குத் திரும்பச் சொல்வது

ஒரே திசையில் சுற்றிச் சுற்றிச் செதுக்கிய வேலையில் ஏ 36,000 டிகிரியில் நிற்கும். பூஜ்யம் என்றதும் 100 சுற்றும் பின்னோக்கிச் சுற்றும். இசட்டைத் தூக்கிவிட்டு, ஏ இருக்கும் இடத்தையே பூஜ்யமாக்குங்கள். சரியாக முழுச் சுற்றில் நிற்காவிட்டால், அடுத்த பிட்டைப் போடும் முன் அந்த மிச்ச டிகிரியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.