கேட்வேயில் ஓஎஸ்பிஎஃப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை; கேட்வே என்பது நெட்வொர்க்கை இணையத்தோடு சேர்க்கும் ரவுட்டர். ஏரியா எண், சப்நெட் மாஸ்க், ஹலோ (ரவுட்டர்கள் ஒன்றையொன்று கண்டறிய அனுப்பும் செய்தி) நேரம் இரு முனைகளில் மாறிப்போனால் அண்டை ரவுட்டர் (நெய்பர்) சேராது. அரை மணி நேரத்தில் யாரும் கண்டுபிடித்துவிடலாம். புதிதாக வருபவர்களைத் திரும்பத் திரும்ப விழவைப்பவை வேறு.

'ஆல்வேஸ்' என்ற ஒரு சொல்

'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' கட்டளையோடு 'ஆல்வேஸ்' சேர்த்தால், தன்னிடம் இணைய வழி இருக்கிறதோ இல்லையோ, கேட்வே டிஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாத பாக்கெட்டுகளுக்கான பொது வழி) அறிவித்துக்கொண்டே இருக்கும். இரண்டு கேட்வே உள்ள இடத்தில் இது நாசம். 'அ'வுக்கு மெட்ரிக் 10, 'ஆ'வுக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்; மெட்ரிக் குறைந்த வழியே முந்தும். 'அ'வின் இணைய இணைப்பு செத்த பிறகும் எல்லா பாக்கெட்டும் அங்கேதான் போய் மடியும்; 'ஆ' சும்மா நிற்கும். நெய்பர் பட்டியலில் எல்லாம் 'ஃபுல்' (முழுமையாக இணைந்தது) என்றே காட்டும். பழியோ சர்வீஸ் புரொவைடர் மேல் விழும்.

'ஆல்வேஸ்' எடுத்தாலே சரியாகிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. கேட்வேக்கும் மோடமுக்கும் இடையிலான போர்ட் அப்பில் இருக்கும்வரை ஸ்டாட்டிக் (கையால் எழுதிய) டிஃபால்ட் ரூட் போகாது. மோடமுக்கு அப்பால் ஃபைபர் அறுந்தது கேட்வேக்குத் தெரியாது. அதனால் மோடமைத் தாண்டிய ஒரு முகவரியை பிங் செய்து, அந்த பிங் முடிவைக் கவனிக்கும் டிராக்கோடு ஸ்டாட்டிக் ரூட்டைக் கட்ட வேண்டும்.

இங்கேயும் ஒரு குழி. பிங் விழுந்ததும் 'அ' தன் ரூட்டை விட்டு 'ஆ' வழியைப் பிடிக்கும். உடனே அதே பிங் 'ஆ' வழியாகப் போய் வெற்றி பெறும், செத்த ரூட் திரும்ப வரும், மறுபடி விழும். விடிய விடிய இதே ஆட்டம். பிங் செய்யும் முகவரிக்கு மட்டும் /32 ரூட் போட்டு 'அ'வின் இணைய இணைப்போடு பூட்டுங்கள். அதே முகவரிக்கு டிஸ்டன்ஸ் 250 (எண் பெரிதானால் கடைசித் தேர்வு) வைத்து, பாக்கெட்டை எறிந்துவிடும் பொய்ப் போர்ட்டான நல்0-வுக்கும் ஒரு ரூட் போடுங்கள். போர்ட்டே விழுந்தாலும் பிங் வேறு பக்கம் ஓடாது. டிராக்கில் இறங்க 10 விநாடி, ஏற 60 விநாடி தாமதம் கொடுப்பது நல்லது.

சோதிக்கும்போது கேட்வேயில் உள்ள கேபிளைப் பிடுங்காதீர்கள், அது சுலபமான கோளாறு. மோடமின் வெளிப்பக்கக் கேபிளைப் பிடுங்குங்கள்.

எம்டியு

எம்டியு என்பது ஒரு போர்ட் அனுப்பக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு (பைட்டில்). ஒரு முனையில் 1500, மறுமுனையில் 1476 என்றால் ஹலோ போகும், ஆனால் நெய்பர் 'ஃபுல்' ஆகாமல் 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே நிற்கும். அளவு வேறுபாட்டைப் பார்க்காமல் விடும் 'எம்டியு-இக்னோர்' போட்டு மூடாமல் இரு முனையிலும் அளவைச் சமமாக்குங்கள்.

இணையப் பக்க போர்ட்

பாசிவ் (அந்தப் போர்ட்டில் ஹலோ போகாது, நெய்பர் சேராது). எப்போதும்.

ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த்

இந்த மதிப்பை இணைப்பின் வேகத்தால் வகுத்துத்தான் ஓஎஸ்பிஎஃப் அந்த இணைப்பின் காஸ்ட்டைக் கணக்கிடும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இயல்பு மதிப்பு 100 எம்பிபிஎஸ். 1 ஜிகாபிட்டுக்கும் 10 ஜிகாபிட்டுக்கும் ஒரே காஸ்ட் 1 வரும். மாற்றினால் எல்லா ரவுட்டரிலும் மாற்றுங்கள்.

ரவுட்டர் ஐடி

ஓஎஸ்பிஎஃப்பில் ஒவ்வொரு ரவுட்டரையும் அடையாளம் காட்டும் எண் இது. கையால் எழுதுங்கள்.