வான்டைக் பிரவுன் அச்சு: முதல் கழுவலில் அவசரம் வேண்டாம்

இரும்பு உப்பையும் வெள்ளி உப்பையும் தாளில் பூசிப் பழுப்பு நிறப் படம் எடுக்கும் பழைய முறைகளுள், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது வான்டைக் பிரவுன். இதன் வேர் 1842இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் உள்ளது. இதற்கு நெருங்கிய உறவான காலிடைப்புக்கு 1889இல் நிக்கோல் காப்புரிமை பெற்றார். காலிடைப்புக்குத் தனி டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) தேவை. வான்டைக் பிரவுனுக்கு வெயில், தண்ணீர், ஹைப்போ (படத்தை நிலைப்படுத்தும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல்) ஆகிய மூன்றும் போதும்.

காய்ச்சி வடித்த நீரை 33 மி.லி. வீதம் மூன்று கிண்ணங்களில் எடுத்து, முதலாவதில் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 9 கிராம், இரண்டாவதில் டார்டாரிக் அமிலம் 1.5 கிராம், மூன்றாவதில் சில்வர் நைட்ரேட் 3.8 கிராம் கரைக்கவும். முதலிரண்டையும் கலந்த பின், வெள்ளிக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். சில்வர் நைட்ரேட் தோலைக் கறுக்கச் செய்யும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும் என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கலவையைப் பழுப்பு நிறப் புட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்து பயன்படுத்தினால் பூச்சு சீராக அமைகிறது.

மங்கிய மஞ்சள் விளக்கொளியில் பூசி, இருட்டில் முழுதும் உலர விடவும். உலோகப் பட்டை போட்ட தூரிகையை நான் தொடுவதில்லை. உலோகம் வெள்ளி உப்போடு வினைபுரிந்து கரும்புள்ளிகளை உண்டாக்கும். கண்ணாடிக் கோல் இருந்தால் அதுவே சிறந்தது.

நெகட்டிவ் அச்சின் அளவிலேயே, வழக்கத்தைவிட ஒளி வேறுபாடு மிகுந்ததாக இருக்க வேண்டும். அதைத் தாளோடு அழுத்தி வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைக்கவும். ஒளி இரும்பை ஃபெரிக் நிலையிலிருந்து ஃபெரஸ் நிலைக்குக் குறைக்க, அந்த ஃபெரஸ் இரும்பு வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக மாற்றுகிறது. பின்பலகை இரண்டாக மடியும் சட்டம் இருந்தால் நடுவில் திறந்து பார்க்கலாம். வெளிச்சப் பகுதிகளில் நுண்விவரம் தெரியத் தொடங்கியதும் நிறுத்தவும்.

இனிதான் பெரும்பாலான அச்சுகள் கெடும் இடம். ஒளிபடாத பகுதிகளில் மிஞ்சிய ஃபெரிக் இரும்பு முழுதும் வெளியேறாமல் ஹைப்போவுக்குள் போனால், அங்கேயே வெள்ளியை அரித்துப் படத்தை வெளிறச் செய்யும். தாளில் தங்கிவிட்டாலோ, அச்சைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய பிறகும் மெல்ல மங்கும். குழாய் நீர் காரத்தன்மை கொண்டதாக இருந்தால் இரும்பு ஹைட்ராக்சைடாகி நாரிழைகளில் படிந்துவிடும். அதன்பின் எவ்வளவு கழுவினாலும் மஞ்சள் சாயல் எளிதில் போகாது. ஆகவே முதலிரண்டு தொட்டி நீரில் சிறிதளவு சிட்ரிக் அமிலம் சேர்த்து, தட்டை ஆட்டிக்கொண்டே, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் வைக்கவும். பிறகு வெறும் நீருக்கு மாற்றவும். நீர் பால்போல் கலங்குவது குழாய் நீரின் குளோரைடு வெள்ளியோடு சேர்வதால்தான். கலங்கல் நின்ற பின்னரும் இன்னொரு முறை நீரை மாற்றுவது என் வழக்கம்.

அடுத்து 3 சதவீத ஹைப்போவில் இரண்டு முதல் ஐந்து நிமிடம். வெளிர் மஞ்சட்பழுப்பு இங்கே சட்டென்று ஆழ்ந்த பழுப்பாகும். நேரத்தை நீட்டினால் படம் வெளிறத் தொடங்கும். பின் அரைமணி நேரமாவது ஓடும் நீரில் கழுவவும். உலரும்போது நிறம் இன்னும் ஒரு படி கருமையாகும் என்பதால், ஈரத்தில் சற்று வெளிறித் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம்.

பின்சேர்க்கை: நன்கு கழுவியும் வெண்பகுதிகள் மஞ்சளாகின்றன என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். அவர்கள் தாளைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீண்ட ஆயுளுக்காகக் கால்சியம் கார்பனேட் சேர்த்த தாள்கள் இந்த அமிலக் கலவைக்கு ஒத்துவருவதில்லை. கார்பனேட் சேர்க்காத தாளை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பூசுவதற்கு முன் சல்ஃபாமிக் அமிலக் கரைசலில் குமிழிகள் அடங்கும் வரை ஊறவைத்து, அலசி உலர்த்திக்கொள்ளுங்கள்.